வலது விலாவின் கீழே

குருண்,
20 ஏப்ரல் 2025

காஞ்சனாவுக்கு,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை பிளாக் செய்ய வழியில்லை என்பதால் இந்தக் கடிதம். பயிற்சி மையத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கைப்பேசியைத் தருகிறார்கள், அந்த நேரமும் உன் அம்மாவுக்கே போய்விடுகிறது என்று ஷீலா சொன்னாள். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு தமிழில் இவ்வளவு நீளமாக நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் சகித்துக்கொள்.

நம்மைப் பற்றி எழுதப் போவதில்லை. உன் விலாவைப் பற்றி எழுதப் போகிறேன்.

முதல் சோதனை ஓட்டத்தில் பாதியிலேயே வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாயாம். ஷீலாவைத் திட்டாதே. உன் பழைய பேக்கிங் லைனுக்குப் போய் நான்தான் தோண்டிக் கேட்டேன். நாளைக்கு ஒரு வீடு எரிகிறது என்று வை, தீயணைப்புக்காரி விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றால் தீ காத்திருக்காது. அதனால் இதைச் சரிசெய்தே ஆகவேண்டும்.

வலி விலா எலும்புக்குக் கீழேதானே? மூச்சை இழுக்கும்போது கூடுகிறதா? நின்றால் கொஞ்ச நேரத்தில் தானே போய்விடுகிறதா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றால் அது வெறும் விலாப் பிடிப்பு. நோய் இல்லை. ஓடாதபோதும் வலித்தால், அல்லது நெஞ்சுக்கு ஏறினால், இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உங்கள் கிளினிக்குக்குப் போ. அது என் துறை இல்லை.

இது ஏன் வருகிறது என்று தேடித் தேடிப் படித்தேன். எரிச்சல்தான் மிச்சம். நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற தசைத் தகடு, உதரவிதானம், களைத்துப்போய்ப் பிடித்துக்கொள்கிறது என்று ஒரு கட்சி. வயிற்றின் உள்பக்க உறை ஓடுகிற குலுக்கலில் உரசுகிறது என்று இன்னொரு கட்சி. அடித்துச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் இல்லை. போகட்டும். காரணம் தெரியாத பழுதையும் சரிசெய்யலாம். ஃபேக்டரியில் என் பிழைப்பே அதுதான். எதைச் செய்தால் வருகிறது, எதை நிறுத்தினால் போகிறது என்று பார்த்தால் போதும்.

ஆகவே பதில் எழுது. ஓடுவதற்கு முன்னால் என்ன சாப்பிடுகிறாய், எப்போது? என்ன குடிக்கிறாய்? முதல் சுற்றிலேயே எல்லோரையும் முந்திக்கொண்டு போகிறாயா? (போவாய். எனக்குத் தெரியும்.) கூன் போட்டு ஓடுகிறாயா? மூச்சு நெஞ்சில் நிற்கிறதா, வயிறுவரை போகிறதா?

உன் வழியனுப்பு விருந்தில் நான் சொன்னதைத் திரும்பப் பெறப் போவதில்லை. அது அபிப்பிராயம் இல்லை, பார்த்துச் சொன்ன அளவு. ஆனால் அளவு மாறும்.

குணாளன்


பயிற்சி மையம்,
2 மே 2025

குணா,

தபால் வந்திருக்கிறது என்று என் பெயரைக் கூப்பிட்டதும் அம்மா ஏதோ அனுப்பியிருக்கிறாள், முறுக்காக இருக்கும் என்று ஓடிப்போனேன். பார்த்தால் உன் கையெழுத்து. விடுதியில் எல்லோரும் காதல் கடிதம் என்று சூழ்ந்துகொண்டார்கள். பக்கத்துக் கட்டில் அஃபிராவுக்குத் தமிழ் தெரியாது, என்ன எழுதியிருக்கிறான் என்று விடாமல் கேட்டாள். உதரவிதானத்துக்கு மலாயில் என்ன பெயர் என்று எனக்கு எப்படித் தெரியும்? வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கர்ப்பமாக இருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அதைச் சரிசெய்வதற்குள் ஒரு மாலைப்பொழுது போயிற்று. எல்லாம் உன் புண்ணியம்.

அளவு என்கிறாய். மறந்திருப்பாய், அதனால் நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இவளா, பொம்பாவுலயா? கோயில் திடல ஒரு சுத்து சுத்துனாலே விலாவப் புடிச்சிக்கிட்டு உக்காந்துருவா. பாதியிலயே திரும்பி வந்துருவா லா, கேக்க மிச்சம் வைங்க.” நம் உருமி மேளக் குழு முழுக்க அங்கே இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது, கையில் கத்தியும் கேக்கும் வைத்துக்கொண்டு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மெர்போக்கில் கண்ணில் படுகிற ஆட்களிடமெல்லாம் என் மகள் பொம்பாவில், தீயணைப்புப் படையில் சேர்ந்துவிட்டாள் என்று அவள் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தாள். பள்ளிக் கேண்டீனில் அவளிடம் மீ கோரெங் வாங்குகிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அதனால் நான் திரும்பிப் போக முடியாது. இருந்த வேலையையும் விட்டுவிட்டேன். பயிற்சி முடிவில் 2.4 கிலோமீட்டர் இறுதி ஓட்டம் இருக்கிறது. குறித்த நேரத்துக்குள் முடிக்காதவர்கள் மூட்டை கட்டவேண்டியதுதான். எங்கள் பயிற்றுநர் புவான் நஜ்வா மற்ற எல்லாவற்றையும் கத்திச் சொல்வார். இதை மட்டும் மெதுவாகச் சொன்னார். அதுதான் பயம்.

சரி, உன் விசாரணைக்கு வருகிறேன். வலி நீ சொன்ன இடத்தில்தான். மூச்சை இழுத்தால் ஆணி இறங்குகிறது. நின்றால் போய்விடுகிறது. ஓட்டத்துக்கு முன்னால் ரொட்டி சானாய், தே தாரிக், சீனி நிறைய; நடுவில் மயக்கம் வந்துவிடுமோ என்று பயம். குடித்துவிட்டு நேராகத் திடலுக்குப் போய்விடுவேன். முதல் சுற்றில் நான்தான் முன்னால். கூன் கிடையாது. மூச்சு எங்கே போகிறது என்று நான் கவனித்ததில்லை. வருகிறது, போகிறது, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

ஓட்டத்துக்காகத்தான் இந்தப் பதில். உனக்காக இல்லை.

காஞ்சனா


குருண்,
10 மே 2025

காஞ்சனா,

தே தாரிக். ரொட்டி சானாய். குடித்த கையோடு ஓட்டம். இதற்கு ஆராய்ச்சிக் கட்டுரை தேவையே இல்லை.

பெரிய சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் இருக்கவேண்டும். விடியற்காலை ஓட்டம் என்றால் முதல் நாள் ராத்திரி ஒழுங்காகச் சாப்பிடு. காலையில் ஒரு வாழைப்பழம் போதும். எண்ணெயும் தேங்காய்ப்பாலும் ஓட்டத்துக்குப் பிறகு. அளவுக்கு மீறிச் சீனி போட்ட தண்ணீர் வயிற்றை விட்டு இறங்க நேரமாகும். நீ ஓடுகிறாய், அது உள்ளே குலுங்குகிறது. தண்ணீரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. ஓடப்போகும்போது மடக் மடக்கென்று குடிக்காதே.

முதல் சுற்றில் முன்னால் போகாதே. யாரும் உனக்கு மாலை போடப்போவதில்லை. உடம்பு சூடாகும் வரைக்கும் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிற வேகத்தில் போ.

மூச்சுதான் முக்கியம். கட்டிலில் மல்லாந்து படுத்து, தண்ணீர் பாட்டிலைத் தொப்புள் மேல் வைத்துக்கொள். மூச்சை இழுக்கும்போது பாட்டில் எழவேண்டும், விடும்போது இறங்கவேண்டும். பாட்டில் அசையாமல் தோள் மட்டும் ஏறினால் நீ மேல்மூச்சு வாங்குகிறாய். படுத்துச் செய்ய வந்த பிறகு நின்று பழகு, நடந்து பழகு, கடைசியாக ஓடு. ஓடும்போது மூன்று அடிக்கு இழு, இரண்டு அடிக்கு விடு. அப்படிச் செய்தால் மூச்சு விடும் நேரம் ஒரே காலில் விழாமல் மாறி மாறி விழும்.

அப்படியும் குத்தினால் நிற்காதே. வேகத்தைக் குறை. குத்துகிற இடத்தில் இரண்டு விரலை வைத்து நன்றாக அழுத்து, கொஞ்சம் முன்னால் சாய், உதட்டைக் குவித்து, சூடான கோப்பியை ஊதுவது போல மூச்சை முழுசாக வெளியே தள்ளு. வலது பக்கம்தானே, இடது கால் தரையில் படும்போது ஊது. சிலருக்கு வலது கையைத் தூக்கி இடது பக்கம் வளைந்தால் விடும். பாலிடெக்னிக்கில் ஐந்தாயிரம் மீட்டர் ஓடியபோது எனக்கும் வந்திருக்கிறது. செத்துப்போகவில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதே. முதலில் சாப்பாடு. பிறகு வேகம். பிறகு மூச்சு. எது வேலை செய்தது என்று தெரியாமல் சரியாகிவிட்டால், நாளைக்குத் திரும்பி வரும்போது எதைப் பிடிப்பாய்?

அஃபிராவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடு.

குணாளன்


பயிற்சி மையம்,
25 மே 2025

குணா,

பாட்டில் கதையைக் கேள். விளக்கணைப்பதற்கு முன்னால் கட்டிலில் பாட்டிலை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அஃபிரா முதலில் இதை ஏதோ விரதம் என்று நினைத்து மரியாதையாகச் சும்மா இருந்தாள். மறுநாளும் செய்யவே, “காஞ்சனா, இதுக்கு நானும் சேரலாமா, இல்ல உங்க ஆளுங்க மட்டுமா?” என்று கேட்டாள். விளக்கினேன். அவளும் படுத்தாள். வார முடிவில் அறை முழுக்க வரிசையாகப் பாட்டில்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று உருண்டு விழுந்த சத்தத்தில் புவான் நஜ்வா உள்ளே வந்தார். வாசலில் நின்று பார்த்தார். யாரும் அசையவில்லை, பாட்டில்கள் மட்டும் அசைந்தன. யாருடைய யோசனை என்று கேட்டார். கையைத் தூக்கினேன். தண்டனை என்று நினைத்தேன். “பாட்டில் சின்னதா இருக்கு, பெருசா வை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உன்னிடம் சொல்லவே பிடிக்கவில்லை, ஆனால் சொல்கிறேன். பயிற்சி ஓட்டத்தில் குத்து வரவில்லை. தே தாரிக்கை விட்டதும் பாதி போயிற்று, மெதுவாகத் தொடங்கியதும் மீதி. மூச்சு வயிறுவரை போகும்போது கால்கள் என்னுடையவை இல்லை என்பதுபோல இருக்கிறது. நேற்றுக் கடைசிச் சுற்றில் இரண்டு பேரைத் தாண்டினேன். தாண்டும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத்தான் ஆசையாக இருந்தது.

உடல் பலம் கூட, முழங்கை ஊன்றி உடம்பை நேராகத் தாங்குகிற பயிற்சியும் செய்கிறோம். நடுவயிறு நடுங்குகிறது. அதுவும் உதவுகிறது என்றார் புவான்.

சித்ரா பௌர்ணமிக்கு நீ மேளம் எடுக்காமல் தனியாக நின்றாயாம். நான் யாரிடமும் தோண்டிக் கேட்கவில்லை. அம்மாவே சொன்னாள்.

காஞ்சனா


குருண்,
2 ஜூன் 2025

காஞ்சனா,

சொன்னேன் அல்லவா. சாப்பாடு, வேகம், மூச்சு. பழுது கண்டுபிடிக்கப்பட்டது, சரிசெய்யப்பட்டது. இறுதி ஓட்டத்தைப் பற்றி இனிமேல் நீ கவலைப்படத் தேவையில்லை.

இன்னொரு விஷயம். பயிற்சி முடித்தவர்களை எங்கே வேண்டுமானாலும் போடுவார்கள், கடல் தாண்டி சபா, சரவாக் வரைக்கும் என்று ஷீலா சொல்கிறாள். உனக்கு முதலிலேயே தெரியுமா? தெரிந்தும் என்னிடம் சொல்லவில்லையா?

மேளம் எடுக்காதது தோள் வலியால்.

குணாளன்


பயிற்சி மையம்,
15 ஜூன் 2025

குணா,

உன் சரிசெய்யப்பட்ட பழுது திரும்பி வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மாதிரித் தேர்வு. இறுதி ஓட்டம் எப்படி நடக்குமோ அப்படியே, நெஞ்சில் எண், கையில் கடிகாரத்தோடு அதிகாரிகள். தே தாரிக் இல்லை. வாழைப்பழம். மெதுவாகத்தான் தொடங்கினேன். இரண்டாவது சுற்றிலேயே குத்தியது, முன்னைவிட மோசம். மூன்றடிக்கு இழு என்றாயே, இழுக்க மூச்சே உள்ளே போகவில்லை. அழுத்தினேன், சாய்ந்தேன், ஊதினேன். பிறகு நடந்தேன். கடைசியாக வந்தேன். அஃபிரா தன் ஓட்டம் முடிந்து திரும்பி வந்து என்னோடு நடந்தாள். அவளை வேண்டாம் என்று சொல்லக்கூட மூச்சு இல்லை.

புவான் நஜ்வா திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “பயிற்சியில ஓடுற காஞ்சனாவுக்கு நான் சான்றிதழ் கொடுக்க முடியாது. தேர்வுல ஓடுறவளுக்குத்தான் கொடுக்க முடியும்” என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

உன் வைத்தியமும் உன்னைப் போலத்தான் இருக்கிறது. யாரும் பார்க்காத இடத்தில் அருமையாக வேலை செய்கிறது, நாலு பேர் முன்னால் என்னைக் கவிழ்த்துவிடுகிறது.

ஆமாம், சபாவுக்கும் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லத்தான் இருந்தேன். விருந்து முடிந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். நீ அதற்குள் பேசிவிட்டாய்.

காஞ்சனா


குருண்,
22 ஜூன் 2025

காஞ்சனா,

கோபம் நியாயம். ஆனால் கோபத்தால் விலா சரியாகாது. வேலையைப் பார்ப்போம்.

எங்கள் பாய்லர் பகுதியில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. வருஷம் முழுக்க ஒழுங்காக ஓடும். ஆடிட் நாளில் மட்டும் அலாரம் அடித்துத் தானே நின்றுவிடும். பெரியவர்கள் எல்லாம் அதற்கு ஆட்களைக் கண்டால் பயம் என்று சொல்லிச் சிரித்தார்கள். பெட்டிக்குப் பயம் வராது. நான் உட்கார்ந்து பார்த்தேன். மற்ற நாளில் அதன் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். ஆடிட் வருகிறது என்றால் அழகுக்காக இறுக்கிப் பூட்டிவிடுவார்கள். காற்று இல்லாமல் உள்ளே சூடேறி நின்றுவிடுகிறது. அவ்வளவுதான்.

உனக்குத் தேர்வு பயம் என்று உன் அம்மா சொல்வாள், ஷீலா சொல்வாள், நீயும் சொல்லிக்கொள்வாய். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோயில் திருவிழாவில் ஆயிரம் பேர் முன்னால் உருமிக்கு ஈடு கொடுத்துப் பாடியவள் நீ. நாலு அதிகாரிகளைப் பார்த்தா பயப்படுவாய்? பயிற்சி நாளில் செய்யாத எதையோ தேர்வு நாளில் நீ செய்கிறாய். கண் விழித்ததிலிருந்து கோட்டில் நிற்கும் வரைக்கும் செய்த எல்லாவற்றையும் எழுது. எழுத வேண்டியதில்லை என்று நினைப்பதைக் கட்டாயம் எழுது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்துப் பழக்கம் இல்லை. நீ தோற்றால் வீட்டுக்கு வந்துவிடுவாய். ஜெயித்தால் கடல் தாண்டிப் போய்விடுவாய். உன் கடிதத்தைப் படித்த அன்று ஒரு ஷிஃப்ட் முழுக்க இதையே யோசித்தேன். பதில் எழுதாமல் சும்மா இருந்தாலே போதும், வந்துவிடுவாள் என்றுகூடத் தோன்றியது. பிறகு வெட்கமாக இருந்தது. எழுதுகிறேன். சீக்கிரம் பதில் போடு, நாள் குறைவாக இருக்கிறது.

குணாளன்


பயிற்சி மையம்,
1 ஜூலை 2025

குணா,

நீ கேட்டபடி எழுதுகிறேன். விடியுமுன் எழுந்தேன். குளித்தேன். அம்மா கொடுத்த திருநீற்றைப் பூசினேன். படுக்கையை மடித்தேன், அஃபிராவின் படுக்கை கோணலாக இருந்தது, அதையும் சரிசெய்தேன். வாழைப்பழம் சாப்பிட்டேன். சட்டை போடுவதற்கு முன்னால் இடுப்பைக் கட்டினேன். சட்டை போட்டேன். காலணி

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். அடுத்த வரியை எழுதுவதற்குள் சாப்பாட்டு மணியே அடித்துவிட்டது.

குணா, இடுப்புக்கட்டு.

லோகேஸ்வரன் அண்ணன் நம் குழுவில் ஒவ்வொருவருக்கும் கட்டிவிடுவாரே, ஊர்வலம் கிளம்புவதற்கு முன்னால், சிவப்புத் துண்டை முறுக்கி, வயிற்றை எக்கச் சொல்லி, முழங்காலை முதுகில் ஊன்றி இழுத்து. “இடுப்பு தளந்தா கொரலு தளந்துரும்” என்பாரே. ராத்திரி முழுக்கப் பாடினாலும் தொண்டை கிழியாது. முக்கியமான நாள் என்றால் என் கை தானாகக் கட்டிவிடும். ஃபேக்டரி நேர்முகத்துக்குக்கூடக் கட்டிக்கொண்டுதான் போனேன். முதல் சோதனை ஓட்டத்திலும் கட்டியிருந்தேன். பயிற்சி நாட்களில் கட்டியதில்லை. அது வெறும் பயிற்சிதானே. உன்னிடம் சாப்பாடு, தண்ணீர், மூச்சு எல்லாம் சொன்னேன், இது சொல்லவேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. உள்பாவாடைக்கு நாடா கட்டினேன் என்று யாராவது எழுதுவார்களா?

அந்தத் துண்டை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். வைக்கும்போது கஷ்டமாகத்தான் இருந்தது. அது இல்லாமல் கோட்டில் நின்றால் நடு உடம்பு காலியாக இருப்பதுபோல இருக்கும். இருக்கட்டும்.

நீ ஒரு ஷிஃப்ட் முழுக்க யோசித்ததற்குப் பதில். தோற்றால் மெர்போக்குக்கு வருவேன். உன்னிடம் வரமாட்டேன். தோற்றுவிட்டு உன்னிடம் வந்தால், அந்த விருந்தில் நீ சொன்னதுதான் நம் வாழ்நாள் முழுக்க உண்மையாக இருக்கும். ஒவ்வொரு சண்டையிலும் அது நடுவில் வந்து உட்காரும். எவ்வளவு தூரத்தில் போட்டாலும், ஜெயித்தால்தான் உன்னைப் பற்றி நான் யோசிக்கவே முடியும். கணக்கு உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

காஞ்சனா


குருண்,
8 ஜூலை 2025

காஞ்சனா,

புரிந்தது. ஆகவே நீ ஜெயிக்கவேண்டும்.

கட்டினால் வயிறு முன்னால் வர இடமில்லை. உதரவிதானம் கீழே இறங்க முடியாது. மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும். பாடிக்கொண்டு நடக்கிறவருக்கு அது பரவாயில்லை, நானும் கட்டிக்கொண்டு மேளம் அடித்திருக்கிறேன். ஓடுகிறவருக்கு அது கழுத்தைக் கட்டியது மாதிரி. கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் கேட்டேன், உடுப்பைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

பண்டார் பாருவில் ஒரு பூசைக்கு வாசிக்கப் போனபோது லோகேஸ்வரன் அண்ணனிடம் சொன்னேன். அவர் உருமியைக் கீழே வைத்துவிட்டார். “டேய், பாடத்தானடா கட்டச் சொன்னேன், பந்தயம் ஓடவா சொன்னேன்? அந்தப் புள்ளய அவுத்துப் போட்டுட்டு ஓடச் சொல்லு” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. குழு முழுக்கச் சிரித்து அடங்க நேரமாயிற்று. அவர் துண்டைத்தான் சொன்னார்.

அந்தச் சிரிப்பு அடங்கியதும் அதே ஆட்களிடம் நான் ஒன்று சொன்னேன். காஞ்சனா பாதியில் திரும்பி வரமாட்டாள், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அதிகம் பேசவில்லை. விருந்தில் சொன்ன இடமும் தப்பு, உன் அம்மா முன்னால் சொன்னதும் தப்பு. அதற்காக மெர்போக்குக்கும் போனேன். உன் அம்மா பேசிக்கொண்டே தண்ணீர்ப் பம்பைக் காட்டினார், சத்தம் போடுகிறதாம். கழற்றிப் பூட்டிக் கொடுத்தேன். மன்னித்தாரா என்று தெரியவில்லை, மீ கோரெங் கொடுத்தார்.

இறுதி ஓட்டத்துக்குப் புதிதாக எதுவும் செய்யாதே. குத்து வராது என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். வந்தாலும் வரலாம். வந்தால் என்ன செய்வது என்று உனக்குத் தெரியும்.

குணாளன்


பயிற்சி மையம்,
27 ஜூலை 2025

குணா,

வந்தது.

துண்டு இல்லை, தே தாரிக் இல்லை, பாட்டில் பழக்கம் எல்லாம் சரி. ஆனால் விசில் ஊதியதும் அஃபிரா பறந்தாள், அவளைப் பார்த்து நானும் பறந்தேன். சும்மா கொஞ்ச தூரம்தான். அந்தக் கொஞ்ச தூரத்துக்குக் கடைசிச் சுற்றுக்கு முந்தின சுற்றில் விலா விலை கேட்டது. வலது பக்கம், அதே இடம், அதே ஆணி. முதலில் மூளைக்குள் உன் குரல்தான் கேட்டது, விருந்தில் பேசியது. பிறகு அடுத்த குரல் கேட்டது, கடிதத்தில் பேசியது. நான் நிற்கவில்லை.

வேகத்தைக் குறைத்தேன். என்னை இரண்டு பேர் தாண்டினார்கள், போகட்டும் என்று விட்டேன், அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். விரலை விலாவுக்குக் கீழே அமுக்கிச் சாய்ந்து, இடது கால் படும்போதெல்லாம் ஊதினேன். மூச்சு இந்தத் தடவை உள்ளே போயிற்று. வயிறு எழுந்தது, இறங்கியது. திடலின் அந்தப் பக்கத்துத் தென்னை வரிசையைத் தாண்டும்வரை ஊதிக்கொண்டே ஓடினேன், பாம்பு மாதிரிச் சீறிக்கொண்டு. ஆணி ஒரேயடியாகப் போகவில்லை. தேய்ந்தது. தேயத்தேயக் கால் தானாக நீண்டது. கடைசி வளைவில் புவான் நஜ்வா கடிகாரத்தைப் பார்த்தபடியே என் பெயரைக் கத்தினார். அவர் கத்தியதைக் கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. மெதுவாகப் பேசினால்தானே பயம்.

நேரம் மிச்சம் இருக்கும்போதே கோட்டைத் தாண்டிவிட்டேன். நிறைய மிச்சம் இல்லை. ஆனால் மிச்சம் மிச்சம்தான். புல்லில் விழுந்து கிடந்தேன். அஃபிரா என் மேல் விழுந்தாள்.

என்னைத் தவாவில் போட்டிருக்கிறார்கள். சபாவின் அந்தக் கோடி. அம்மாவிடம் சொன்னேன். அழுதுவிட்டு, அங்கே கோயில் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன், தெரியாது.

அடுத்த மாதக் கடைசியில் நிறைவு அணிவகுப்பு. குடும்பத்தினர் வரலாம். அம்மாவுக்குத் தனியாக வரப் பயம்.

காஞ்சனா


குருண்,
3 ஆகஸ்ட் 2025

காஞ்சனா,

கடிதத்தை ஃபேக்டரி வாசலில் நின்றே படித்தேன். ஷீலாவிடம் கொடுத்தேன், அவள் பேக்கிங் லைன் முழுக்கக் காட்டிவிட்டாள். சூப்பர்வைசர் வந்து கேட்டதற்கு, எங்கள் ஆள் ஓடி ஜெயித்துவிட்டாள் என்று சொன்னாளாம். யாருடைய ஆள் என்று அவர் கேட்டாராம். அதற்கு ஷீலா என்ன சொன்னாள் என்று என்னிடம் சொல்ல மறுக்கிறாள்.

நீ முதலில் பறந்தது முட்டாள்தனம். பிறகு செய்தது எல்லாம் சரி. அந்த இரண்டு பேரைத் தாண்டிப் போக விட்டாயே, அதற்குத்தான் என் பாராட்டு.

தவாவை வரைபடத்தில் பார்த்தேன். இந்தோனேசியா அதற்குப் பக்கத்து வீடு. பினாங்கிலிருந்து கோலாலம்பூர் போய் விமானம் மாறவேண்டும். எனக்கு வருஷத்துக்குக் கிடைக்கிற விடுமுறையில் இரண்டு தடவை வரலாம். அதற்கு மேல் பொய் சொல்ல மாட்டேன்.

தன்னை அணிவகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகும்படி உன் அம்மா என்னிடம் சொல்லிவிட்டார். பஸ் டிக்கெட் நான் எடுக்கவேண்டும். எனக்குத் தெரியவேண்டியது இதுதான்: அவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நான் வெளியே நிற்கவா, உள்ளே வரவா? வெளியே என்றால் வெளியே. எதிரில் எங்காவது கோப்பிக் கடை இருக்கும். உள்ளே என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்றும் சேர்த்து எழுதிவிடு. என்னால் காத்திருக்க முடியும். எதற்காகக் காத்திருக்கிறேன் என்று தெரியாமல் காத்திருக்க வராது.

குணாளன்


பயிற்சி மையம்,
9 ஆகஸ்ட் 2025

குணா,

உள்ளே வா.

ஒருவருக்கு இரண்டு நாற்காலிதான். இன்று காலை புவான் நஜ்வா எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கேட்டுக்கொண்டு வந்தார். அம்மா பெயரைச் சொன்னேன். உன் பெயரைச் சொன்னேன். இது யார் என்று கேட்டார். பின்னால் அஃபிரா சிரிப்பை அடக்குவது முதுகில் தெரிந்தது. “துனாங், புவான்” என்றேன். நிச்சயம் ஆனவன். எப்போது நிச்சயம் ஆனது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இப்போதுதான் என்று சொல்லியிருப்பேன்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. பஸ்ஸில் நீயே சொல்லிவிடு. கிரிக் ஊரைத் தாண்டுவதற்குள் சொல். மலைப்பாதை ஏறிவிட்டால் அவளுக்கு வாந்தி வரும், கண்ணை மூடிக்கொள்வாள், காதில் எதுவும் ஏறாது.

காஞ்சனா